வெங்காயத் தோலுக்கு ஒரு சந்தை

தக்காளி விலை சரியும் பருவங்களில் பாலக்கோடு, இராயக்கோட்டை, ஒட்டன்சத்திரம் வட்டாரங்களில் பறிப்புக் கூலிக்கும் கட்டுப்படியாகாத பழங்கள் சாலையோரம் கொட்டப்படுவதும், சென்னையில் கொடுங்கையூர்க் குப்பைமேட்டில் எரிஉலை அமைக்கும் திட்டத்தை அப்பகுதி மக்கள் எதிர்ப்பதும் தனித்தனிச் செய்திகளாகவே படிக்கப்படுகின்றன. மண்ணில் விளைந்து, உண்ணப்படாமல் மிஞ்சும் ஈரப்பொருளை என்ன செய்வது என்ற ஒரே கேள்விதான் இரண்டிலும் இருக்கிறது. காய்கறிக் கழிவிலிருந்து உடலுக்கும் தொழிலுக்கும் பயன்படும் தாவரச் சேர்மங்களைப் பிரித்தெடுக்கலாம் என்பது இக்கேள்விக்கு இப்போது அடிக்கடி சொல்லப்படும் விடைகளுள் ஒன்று. விடை தவறன்று, ஆனால் ஆய்வகத்தில் ஏற்கெனவே முடிந்துவிட்ட வேலையைப் பெரிதாகவும், ஆய்வகத்துக்கு வெளியே இனிமேல்தான் தொடங்கவேண்டிய வேலையைச் சிறிதாகவும் காட்டும் விடையாக அது இருக்கிறது.

இழப்பின் அளவு சிறியதன்று. 2022-இல் உலகெங்கும் வீடுகள், உணவகங்கள், கடைகள் ஆகியவற்றில் மட்டும் 105 கோடி டன் உணவு வீணானதாக ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை கணக்கிட்டது. அறுவடைக்குப் பின் சந்தையை அடையும் முன்பே அழிவது இதில் சேராது. இந்தியாவில் அந்த இழப்பை ஆராய்ந்து, லூதியானாவில் உள்ள மத்திய அறுவடைக்குப் பிந்தைய பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் 2015-இல் வெளியிட்ட ஆய்வு, தக்காளியில் ஏறத்தாழ 12 விழுக்காடும் வெங்காயத்தில் ஏறத்தாழ 8 விழுக்காடும் வயலுக்கும் கடைக்கும் இடையே கெட்டுப்போவதாகத் தெரிவித்தது.

இந்தக் கணக்குகளில் பெரும்பாலும் இடம்பெறாத ஒன்று உண்டு. ஆலைகளிலும் களங்களிலும் மிஞ்சும் தோல், விதை, காம்பு, பிழிந்த சக்கை ஆகியவை உணவென்றே கருதப்படுவதில்லை என்பதால், அவை வீணாவது இழப்பாகப் பெரும்பாலும் எழுதிவைக்கப்படுவதில்லை. கழிவிலிருந்து சேர்மம் எடுக்கும் தொழிலுக்குக் கச்சாப்பொருளாகக் கூடியவையோ பெரும்பாலும் இவைதாம்.

கழிவுகளில் வேறுபாடு உண்டு

கோயம்பேடு சந்தையில் நாள்தோறும் குவியும் முட்டைக்கோசு இலை, வாழைத்தண்டு, அழுகிய தக்காளி, பூக்குப்பை, சாக்கு, நெகிழிப்பை ஆகியவற்றின் கலவையையும், ஒரு பழக்கூழ் ஆலையின் பின்வாசலில் விழும் சக்கையையும் ‘காய்கறிக் கழிவு’ என்ற ஒரே பெயரால் அழைப்பதிலிருந்தே குழப்பம் தொடங்குகிறது. முதலாவதில் எது எவ்வளவு இருக்கிறது என்று எவராலும் சொல்ல முடியாது. இரண்டாவதில் ஒரே வகைக் காயின் ஒரே பகுதி, ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் கிடைக்கிறது.

சேர்மம் எடுக்கும் தொழிலுக்கு இரண்டாவது வகை மட்டுமே பொருந்தும். கலந்த சந்தைக் கழிவுக்கு உரிய வழி சாண எரிவாயுக் கலனின் விரிவாக்கமான உயிர்வாயு ஆலைதான். நாளொன்றுக்கு 30 டன் கழிவைச் செரித்து மின்சாரம் தருவதற்கான ஆலை ஒன்று கோயம்பேட்டில் 2005-இலேயே அமைக்கப்பட்டது. எடையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நீராகவே இருக்கும் இக்கழிவை எரிஉலைக்கு அனுப்புவதென்றால், முதலில் அந்த நீரைக் கொதிக்கவைப்பதற்கே வெப்பம் செலவாகும்.

ஆகவே காய்கறிக் கழிவு முழுவதும் செல்வமாக மாறிவிடும் என்ற பேச்சை ஒதுக்கிவைத்து, வகை பிரிந்து கிடைக்கும் ஆலைக் கழிவை மட்டும் கணக்கில் கொண்டால், தமிழ்நாட்டில் அது எங்கே இருக்கிறது என்பது தெளிவாகவே தெரியும். கிருஷ்ணகிரி மாவட்டத்து மாங்கூழ் ஆலைகளில் தோலும் கொட்டையும் மலையாகக் குவிகின்றன. சேலம், நாமக்கல் பகுதிச் சேகோ ஆலைகளில் மரவள்ளித் தோலும், மாவு எடுத்தபின் மிஞ்சும் திப்பியும் சேர்கின்றன. பெரம்பலூர் வட்டாரத்தில் சின்ன வெங்காயம் தரம் பிரிக்கப்படும் களங்களிலும், வெங்காயம் உரித்து உணவகங்களுக்கு அனுப்பும் கூடங்களிலும் தோல் பறக்கிறது. தக்காளியை ஆலையில் அரைக்கும் அளவு மட்டும் இங்கே இன்னும் குறைவு; விலை சரிவின்போது தக்காளி சாலைக்கு வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

தோலில் ஏன் சேர்கிறது?

வெயிலின் புற ஊதாக் கதிர், பூச்சி, பூஞ்சை ஆகிய மூன்றையும் தாவரம் முதலில் எதிர்கொள்ளும் இடம் அதன் தோல். ஓடவோ ஒளியவோ இயலாத தாவரம் தற்காப்புக்காக உருவாக்கும் நிறமிகளும் கசப்புப் பொருள்களும் துவர்ப்புப் பொருள்களும் அந்த மேல் அடுக்கிலேயே செறிந்திருப்பது இயல்பு. மனிதர் தோலை உரித்து எறிந்துவிட்டு, உள்ளே இருக்கும் நீரும் சர்க்கரையும் மிகுந்த சதையை உண்கின்றனர்.

தக்காளிக்குச் சிவப்பைத் தரும் லைகோபீன் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. நீரில் கரையாமல் கொழுப்பில் கரையக்கூடிய இந்த நிறமி, சதையைக் காட்டிலும் தோலில் பல மடங்கு செறிவாக உள்ளது. ஆலையில் தக்காளியைச் சூடாக்கிச் சல்லடை பொருத்திய உருளைக்குள் சுழற்றும்போது, சாறும் சதையும் துளைகள் வழியே வெளியேற, சுருண்ட சிவப்புத் தோலும் மஞ்சள் விதையும் கலந்த ஈரச் சக்கை மறுமுனையில் வந்து விழுகிறது. நூறு டன் தக்காளிக்கு மூன்று முதல் ஐந்து டன் வரை இப்படி மிஞ்சுவது வழக்கம். மிக்க நிறமுள்ள பகுதி குப்பைக்கும், நிறம் குறைந்த பகுதி புட்டிக்கும் போகின்றன.

தோலிலிருந்து லைகோபீனை வெளியே எடுப்பதற்கு மூன்று நிலைகள் உள்ளன. செல்லின் சுவரை உடைக்க அரைத்தல், நொதிகளைச் சேர்த்தல், ஒலியதிர்வு செலுத்துதல் ஆகியவற்றுள் ஒன்று முதலில் நடைபெறும். பிறகு நிறமியைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும் கரைப்பான் ஒன்று சேர்க்கப்படும். கடைசியாக அந்தக் கரைப்பான் ஆவியாக்கி நீக்கப்பட்டு, கருஞ்சிவப்பான பிசின்போன்ற சாறு மிஞ்சும்.

கரைப்பானாக ஹெக்சேன், எத்தில் அசிட்டேட் போன்ற திரவங்கள் பயன்படுகின்றன. கார்பன் டை ஆக்சைடு வாயுவை 31 டிகிரி செல்சியசுக்கு மேல் வைத்து, காற்றழுத்தத்தைப்போல் எழுபது மடங்குக்கும் மேலான அழுத்தம் கொடுத்தால், அது வாயுவாகவும் இல்லாமல் திரவமாகவும் இல்லாமல் இரண்டின் குணத்தையும் கொண்ட நிலையை அடையும். அந்நிலையில் உள்ள வாயுவே கரைப்பானாகவும் செயல்படும். அழுத்தத்தைக் குறைத்தவுடன் அது ஆவியாகப் பிரிந்துவிடுவதால், உணவில் கரைப்பான் எச்சம் தங்குமோ என்ற அச்சம் இல்லை. ஆனால் அத்தகைய அழுத்தத்தைத் தாங்கும் கலன்களின் விலை சிறு ஆலைகளுக்கு எட்டாதது.

தோலின் பயன் நிறமியோடு முடிவதுமில்லை. தக்காளித் தோலின் மேற்பரப்பை மெழுகுபோல் மூடியிருக்கும் ‘கியூட்டின்’ என்ற பொருளைப் பிரித்து, உணவு அடைக்கும் தகர டப்பாவின் உட்புறப் பூச்சாக மாற்றும் ஆய்வுத் திட்டம் ஒன்று இத்தாலியின் பார்மா நகரை மையமாகக் கொண்டு 2011-இல் தொடங்கியது. தக்காளி டப்பாவுக்குத் தக்காளித் தோலே பூச்சாகும் அந்த முயற்சி வெறும் விந்தையன்று. டப்பாப் பூச்சுகளில் பயன்பட்டுவந்த பிஸ்பீனால்-ஏ என்ற வேதிப்பொருளை உணவோடு தொடர்புடைய பொருள்களில் தடைசெய்ய ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பரில் முடிவெடுத்திருப்பதால், மாற்றுப் பூச்சுக்கு உண்மையான தேவை உருவாகியுள்ளது.

நீரை வெல்வதே முதல் வேலை

இவ்வளவும் தெரிந்திருந்தும் ஏன் இத்தொழில் பரவவில்லை என்ற கேள்விக்கு, ஆராய்ச்சிக் கட்டுரைகளின் கடைசிப் பத்தியில் பெரும்பாலும் ஒரே வரியில் கடந்துபோகப்படும் ஒரு காரணத்தைத்தான் விடையாகச் சொல்ல வேண்டும். ஈரச் சக்கை வெயிற்காலத்தில் ஒரே நாளில் புளித்து, மறுநாள் பூஞ்சை பிடித்துவிடும். சேர்மம் எடுக்கும் ஆலை நூறு கிலோமீட்டர் தொலைவில் இருந்தால், லாரி ஏற்றிச் செல்வது பெரும்பகுதி நீராகவே இருக்கும்.

எண்பது விழுக்காடு ஈரமுள்ள ஒரு டன் சக்கையைப் பத்து விழுக்காடு ஈரத்துக்கு உலர்த்தினால் கைக்குக் கிடைப்பது ஏறத்தாழ 220 கிலோ. மீதி 780 கிலோ நீரையும் ஆவியாக்கி அனுப்ப வேண்டும். முதலில் திருகு அழுத்தியில் பிழிந்து ஈரத்தை 65 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால், 400 கிலோவுக்கும் மேல் நீராகவே வழிந்துபோய், வெப்பச் செலவு பாதிக்கும் கீழே இறங்கும். எளிய இந்தப் பிழிதல் வேலை நடக்கும் ஆலைகளும் எல்லா இடத்திலும் இல்லை. வழிந்த நீரும் சும்மா விடத்தக்கதன்று. சர்க்கரை மிகுந்த அது ஓடையில் கலந்தால் நீரிலுள்ள உயிர்வளியைத் தின்று மீன்களைக் கொல்லும்.

வெயிலில் உலர்த்தினால் செலவில்லை என்று தோன்றலாம். லைகோபீன், பீட்டா கரோட்டின் போன்ற நிறமிகள் ஒளியாலும் காற்றாலும் சிதையக்கூடியவை என்பதால், களத்தில் பரப்பி மூன்று நாள் காயவைத்த தக்காளித் தோலில் எந்தப் பொருளுக்காகக் காயவைத்தார்களோ அதில் ஒரு பகுதி போயிருக்கும்.

கேரளத்தில் மிளகு, மிளகாய், இஞ்சி ஆகியவற்றின் மணமும் காரமும் நிறைந்த சாற்றை எடுக்கும் ஒலியோரெசின் தொழில் 1970-களிலிருந்து வளர்ந்து, இன்று உலகச் சந்தையில் முன்னணியில் நிற்கிறது. அதை முன்மாதிரியாகக் காட்டிக் காய்கறிக் கழிவிலும் அவ்வாறே செய்யலாம் என்று பேசுவோர், மிளகு காய்ந்த நிலையிலேயே ஆலைக்கு வருகிறது என்பதையும், ஒரு கிலோ மிளகின் விலை போக்குவரத்துச் செலவைத் தாங்கும் என்பதையும் கவனிப்பதில்லை.

தமிழ்நாட்டுக்கு மிக நெருங்கிய முன்மாதிரி சத்தியமங்கலம், தாளவாடி வட்டாரத்துச் செண்டுமல்லி வயல்களில் இருக்கிறது. மாலைக்கு அல்லாமல் ஆலைக்கென்று ஒப்பந்த முறையில் பயிரிடப்படும் இப்பூவின் மஞ்சள் நிறமியான லூட்டின், கோழித் தீவனத்தில் சேர்ந்து முட்டையின் மஞ்சள் கருவுக்கு நிறம் கூட்டுகிறது. கண் நலத்துக்கான மாத்திரைகளிலும் இடம்பெறுகிறது. பூவும் தக்காளிச் சக்கையைப்போல் ஈரமானதே, விரைவில் அழுகுவதே.

அதைச் சமாளிக்கும் வழி பழையது. பறித்த பூக்களைக் குவித்து, இறுக்கி, காற்றுப் புகாமல் மூடிவைப்பார்கள். மாட்டுக்குப் பசுந்தீவனத்தை ஊறுகாய்ப் புல்லாக்கும் அதே முறையில் லாக்டிக் அமிலப் புளிப்பு ஏறி, அழுகல் தடுக்கப்படும். செல்சுவர் தளர்வதால் பிழிவதும் எளிதாகும். அதன் பிறகே உலர்த்தி, குருணையாக்கி, ஹெக்சேனில் நிறமியைக் கரைத்தெடுக்கிறார்கள். பருவத்தில் ஒரே நேரத்தில் வந்து குவியும் பூவை மாதக்கணக்கில் ஆலைக்கு ஊட்ட இது இடம்தருகிறது. தக்காளிச் சக்கையையும் கால்நடைத் தீவனத்துக்காகப் பல நாடுகளில் இவ்வாறு புளிக்கவைத்துச் சேமிக்கிறார்கள். விலை உயர்ந்த கருவிகளைத் தேடி ஓடும் முன், சத்தியமங்கலம் சாலையில் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய உண்டு.

காய்ந்தே வரும் கச்சாப்பொருள்

இந்த நீர்ச் சிக்கல் ஏறத்தாழ முற்றிலும் இல்லாத ஒரு கழிவு உண்டு. அது வெங்காயத்தின் காய்ந்த மேல்தோல். வெங்காயத்தை வயலிலிருந்து எடுத்துப் பதமாகக் காயவைத்து, தாள் அறுத்து, பட்டறையில் சேமிக்கும் விவசாயி, தன் செலவில் அந்தத் தோலை உலர்த்தியே தருகிறார். பட்டறை பிரித்துத் தரம் பார்க்கும்போது உதிரும் அந்தத் தோல் எளிதில் அழுகாது. கட்டிவைத்தால் மாதக்கணக்கில் கிடக்கும். இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பது ஒன்றே குறை. அதையும் அழுத்திக் கட்டாக்கினால் தீர்க்கலாம்.

அந்தத் தோலை அப்படியே அப்புறப்படுத்துவதும் எளிதன்று. வெங்காயத்திலுள்ள கந்தகச் சேர்மங்கள் மாட்டின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பதால், அளவுக்கு மீறித் தீவனமாகக் கொடுக்க முடியாது. நோயுற்ற வெங்காயத்தின் கழிவை வயலில் இட்டால், மண்ணில் பல்லாண்டு உயிர்த்திருக்கும் பூஞ்சைகள் அடுத்த பயிரைத் தாக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆண்டுதோறும் ஐந்து லட்சம் டன்னுக்கும் மேல் சேரும் வெங்காயக் கழிவுக்கு வழி தேடி அங்குள்ள ஆய்வாளர்கள் இதில் இறங்கியதற்கு இவ்விரண்டும் காரணங்கள்.

வெங்காயத் தோலின் மஞ்சள் பழுப்பு நிறத்துக்குக் காரணமான சேர்மங்களுள் முதன்மையானது குவர்செட்டின். பல காய்கனிகளில் சிறிதளவும், வெங்காயத்தில் கூடுதலாகவும் காணப்படும் இது, உடலில் ஆக்சிஜனால் ஏற்படும் சிதைவைத் தடுக்கும் பொருள்களுள் ஒன்றாக ஆராயப்படுகிறது. ஊட்டப்பொருளாக மாத்திரை வடிவிலும் விற்கப்படுகிறது. வெங்காயத்தின் உண்ணும் சதையைவிடக் காய்ந்த தோலில் இது பல மடங்கு அதிகம்.

பிரித்தெடுப்பதும் ஒப்பீட்டளவில் எளிது. நீர் கலந்த எத்தனாலில் ஊறவைத்தாலே குவர்செட்டின் இறங்கிவிடும். நீரை மட்டும் கொண்டே எடுக்கவும் முடியும் என்று தென் கொரிய ஆய்வாளர்கள் 2011-இல் காட்டினார்கள்: மூடிய கலனில் அழுத்தம் கொடுத்தால், குக்கரில் நடப்பதைப்போல நூறு டிகிரியைத் தாண்டியும் நீர் கொதிக்காமல் சூடாகும், 165 டிகிரியை எட்டிய நீர், சாதாரண நிலையில் தன்னில் கரையாத குவர்செட்டினைக் கால் மணி நேரத்தில் கரைத்துக்கொள்கிறது.

இந்த இடத்தில் வணிகக் கணக்கு குறுக்கே நிற்கிறது. உலகச் சந்தையில் விற்கும் குவர்செட்டினின் பெரும்பகுதி, சீனத்தில் வளரும் ‘சொபோரா’ என்ற மரத்தின் பூமொட்டுகளிலிருந்து வருகிறது. அம்மொட்டில் ரூட்டின் என்ற மூலப்பொருள் மிகச் செறிவாக இருப்பதால், அதை அமிலத்தில் உடைத்துக் குவர்செட்டின் தயாரிப்பது மலிவு. பெரம்பலூர் வெங்காயத் தோல் அந்த விலையோடு மோதி வெல்லும் என்று எவரும் உறுதி கூற முடியாது.

எனவே தூய குவர்செட்டினை இலக்காக வைக்காமல், தூய்மை குறைந்தாலும் விலைபோகும் பொருள்களை முதலில் நாடுவதே அறிவுடைமை. படிகாரம் சேர்த்துத் துணியில் ஏற்றினால் வெங்காயத் தோல் பொன்மஞ்சளிலிருந்து செம்பழுப்புவரை நிறம் தரும் என்பது இயற்கைச் சாயக்காரர்களுக்கு நெடுநாளாகத் தெரிந்த செய்தி. சாயக்கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாட்டையும், 2011-இல் உயர் நீதிமன்ற ஆணையால் திருப்பூர்ச் சாய ஆலைகள் மூடப்பட்டதையும் நினைவில் வைத்திருக்கும் கொங்கு மண்டலத்தில், இயற்கைச் சாயமேற்றிய துணிக்குத் தனி விலை கொடுக்கும் ஏற்றுமதி வாங்குநர்கள் அறியப்படாதவர்கள் அல்லர். திருப்பூரின் சாயத் தேவை முழுவதையும் வெங்காயத் தோல் நிறைவேற்றாது. அதில் மிகச் சிறு பங்கைப் பெற்றாலே ஒரு வட்டாரத்துத் தோலுக்கு விலை கிடைத்துவிடும்.

மாத்திரையை நம்பி இறங்கக் கூடாது

கழிவிலிருந்து மருந்து என்ற தலைப்பு கவர்ச்சியானது. அந்தக் கவர்ச்சியே இத்தொழிலைக் கெடுக்கக்கூடியது. காரட்டின் நிறமியான பீட்டா கரோட்டின் புற்றுநோயைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில், பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடத்தப்பட்ட பெரும் சோதனையின் முடிவுகள் 1994-இல் வெளிவந்தபோது, மாத்திரை உட்கொண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 விழுக்காடு கூடியிருந்தது. காரட் உண்பதும், காரட்டின் ஒரு சேர்மத்தைச் செறிவாக்கி நாள்தோறும் விழுங்குவதும் வேறுவேறு என்பதை மருத்துவ உலகம் அப்போது உணர்ந்தது.

லைகோபீனுக்கும் குவர்செட்டினுக்கும் உடல்நலப் பயன் உண்டென்று பொட்டலத்தில் எழுத அனுமதி கோரிய விண்ணப்பங்களை ஆராய்ந்த ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், காரண காரியத் தொடர்பு நிறுவப்படவில்லை என்று 2011-இல் கருத்துரைத்தது. இந்தியாவிலும் ஊட்டப்பொருள்களுக்கான விதிமுறைகள், அவை மருந்துப் பயன்பாட்டுக்கானவை அல்ல என்று சிட்டையில் அச்சிடக் கோருகின்றன. எண்ணெயில் வதக்கிய தக்காளித் தொக்கை உண்பவருக்கு லைகோபீன் நன்றாகவே உடலில் சேர்கிறது என்பதையும் இங்கே சொல்லிவிடலாம்.

தோலில் இருப்பதெல்லாம் நன்மையும் அன்று. உருளைக்கிழங்குத் தோலில், அதிலும் பச்சை பாய்ந்த தோலில், சொலனின் என்ற நஞ்சு உண்டு. மரவள்ளித் தோலில் சயனைடு உருவாக்கும் சேர்மம் சதையைவிட மிகுதி. இவற்றோடு, பயிருக்குத் தெளித்த பூச்சிக்கொல்லியின் எச்சமும் தங்குவது தோலில்தான். நிறமியைச் செறிவாக்கும் அதே கரைப்பான், கொழுப்பில் கரையும் பூச்சிக்கொல்லியையும் செறிவாக்கிவிடும்.

இந்தக் காரணங்களால், நிறம், நார், தீவனம், பூச்சு, சாயம் ஆகிய உப்புச்சப்பற்ற சந்தைகளே இத்தொழிலுக்கு நிலையான அடித்தளம். மாம்பருப்புக் கொழுப்பு இதற்கு நல்ல சான்று. சாக்லேட்டில் கொக்கோ வெண்ணெயோடு சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் அனுமதித்துள்ள ஆறு தாவரக் கொழுப்புகளுள் அதுவும் ஒன்று. எந்த நோயையும் தீர்ப்பதாகச் சொல்லிக்கொள்ளாமலேயே கூழ் ஆலைக் கழிவான மாங்கொட்டைக்கு அது மதிப்பைத் தந்திருக்கிறது.

செய்யத் தக்கவை

முதல் வேலை, கழிவு பிறக்கும் இடத்திலேயே அதைப் பிழிந்து உலர்த்தும் வசதி. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் வேளாண் விற்பனைத் துறை அமைத்துள்ள முதன்மைப் பதப்படுத்தும் நிலையங்களில் திருகு அழுத்தியும், ஒளிபடாத சூரிய வெப்ப உலர்த்தியும் வைத்தால், அவ்விடமே சக்கை சேகரிப்பு மையமாகும். குறு உணவுத் தொழில்களுக்கென 2020-இல் ஒன்றிய அரசு தொடங்கிய திட்டத்தில் தரப்பட்ட 35 விழுக்காடு மானியம்போல, கழிவைப் பதப்படுத்தும் கருவிக்கும் வெளிப்படையாக மானியம் அறிவிக்கப்பட வேண்டும். இப்போது மானியம் கேட்டுச் செல்லும் சிறு ஆலைக்காரர் ஊறுகாய், வற்றல், கூழ் என்று ஏதாவது ஒரு தின்பண்டத்தைக் காட்டவேண்டியிருக்கிறது.

பிரித்தெடுக்கும் ஆலையை எல்லா ஊரிலும் நிறுவத் தேவையில்லை. உலர்ந்த சக்கை பயணம் செய்யக்கூடியது என்பதால், செண்டுமல்லிக்கென்று ஏற்கெனவே இயங்கும் கரைப்பான் ஆலைகள் பூப் பருவம் இல்லாத மாதங்களில் தக்காளித் தோலையோ வெங்காயத் தோலையோ கூலிக்கு ஓட்டித் தர முடியுமா என்று பேசிப்பார்ப்பது, புதிய ஆலைக்கு அடிக்கல் நாட்டுவதைவிட மலிவான தொடக்கம். எத்தனால் வாங்கிச் சேமிப்பதற்கு மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறையின் உரிமம் பெறவேண்டியிருப்பதால், சிறு கூடங்களுக்கு அளவு வரம்போடு கூடிய எளிய உரிம முறை ஒன்று தேவை.

நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரியும், அதைச் சுற்றி முட்டைக்கோழிப் பண்ணைகளும் இருக்கின்றன. உலர்ந்த தக்காளிச் சக்கையைத் தீவனத்தில் எந்த அளவுவரை சேர்க்கலாம், மஞ்சள் கருவின் நிறம் எவ்வளவு கூடுகிறது, முட்டையிடும் திறன் பாதிக்கப்படுகிறதா என்பதைப் பண்ணையாளர்களோடு சேர்ந்து அங்கேயே சோதித்தறியலாம். அது வெற்றிபெற்றால், எதையும் கரைத்துப் பிரிக்காமலேயே சக்கைக்கு வாங்குநர் கிடைத்துவிடுவார்.

தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம், மைசூருவில் 1950-இல் தொடங்கப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம், கோவை வேளாண் பல்கலைக்கழகம் ஆகியவை செய்முறைகளை உருவாக்குவதில் குறைவைக்கவில்லை. இனி அவை வெளியிடும் ஒவ்வொரு செய்முறையோடும், ஒரு கிலோ சேர்மத்துக்கு எத்தனை கிலோ ஈரக் கழிவு, எத்தனை யூனிட் மின்சாரம், எத்தனை லிட்டர் நீர், எவ்வளவு கரைப்பான் இழப்பு என்ற நான்கு எண்களையும் கட்டாயம் சேர்த்து வெளியிடுமாறு நிதி தரும் அமைப்புகள் கோரலாம். வங்கி மேலாளரிடம் கடன் கேட்டுப் போகிறவருக்கு அந்த நான்கு எண்களும் பத்து ஆய்வுக் கட்டுரைகளைவிட உதவும்.

பூச்சிக்கொல்லி எச்சத்தைக் கச்சாப்பொருள் நிலையிலேயே சோதிக்க மாவட்டத்துக்கு ஒரு அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகமாவது எட்டும் தொலைவில் இருக்க வேண்டும். எச்சம் குறைந்த தோலுக்குக் கூடுதல் விலை என்ற நிலை வந்தால், தெளிப்பைக் குறைக்க விவசாயிக்கும் ஒரு காரணம் கிடைக்கும். சேர்மம் எடுத்தபின் மிஞ்சும் இறுதிச் சக்கையில் கரைப்பான் முற்றிலும் நீக்கப்பட்டதென்று சான்று பெற்ற பிறகே அதைத் தீவனத்துக்கோ உயிர்வாயுக் கலனுக்கோ அனுப்பவேண்டும் என்ற விதியும் தொடக்கத்திலேயே வகுக்கப்பட வேண்டும். ஆலைகள் பெருகியபின் வகுக்கப்படும் விதிகளுக்கு விலக்குக் கேட்டு வருவோரே மிகுதி.

கழிவுக்கு விலை வந்தால் அந்த விலை யாருக்குச் சேரும் என்பதையும் முன்கூட்டியே முடிவுசெய்தாக வேண்டும். இன்று திப்பியையும் முட்டைக்கோசு இலையையும் மலிவாகவோ இலவசமாகவோ எடுத்துச் சென்று மாடு வளர்ப்பவர்களுக்கு அது தீவனம். வெங்காயம் உரிக்கும் கூடங்களில் கிலோ கணக்கில் கூலி பெறும் பெண்களுக்குத் தோல் வெறும் குப்பை. அதைக் கூட்டி அள்ளுவதும் அவர்கள் தலையிலேயே விழுகிறது. தோலைச் சேர்த்து, அழுத்திக் கட்டாக்கி விற்கும் உரிமையை இப்பெண்களின் சுயஉதவிக் குழுக்களுக்கு உரிமையாளர்கள் எழுத்து ஒப்பந்தத்தில் தரவேண்டும் என்ற நிபந்தனையை, மானியம் பெறும் கூடங்களுக்கு மாவட்ட நிர்வாகம் விதிக்கலாம். பெரம்பலூரில் ஒரு பருவத்துக்கு மட்டும், ஒரு சாய ஆலையையும் ஒரு தீவன ஆலையையும் சில உரிப்புக் கூடங்களையும் இணைத்து, இந்த ஏற்பாட்டை முதலில் நடத்திப்பார்ப்பதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு ஏதும் வேண்டியதில்லை.